கறுப்பைப் பிரிச்ச அங்காயி

ஒரு ஊர்ல ஒரு அங்காயி இருந்தா. அவளுக்கு என்ன வேலை தெரியுமா? மை காய்ச்சுற வேலை. கண்ணுக்குத் தீட்டுற மை இல்லடி தங்கம், எழுதுற மை. "ம்" சொல்லு. நீ "ம்" சொன்னாத்தான் கதை நகரும்.

"ம்."

ஆங். அங்காயிக்குப் பத்து விரலும் கறுப்பு. எத்தனை சீயக்காய் போட்டுத் தேய்ச்சாலும் போகாது. ராவெல்லாம் வெளக்கு ஏத்தி வெச்சு, அது மேல சட்டியக் கவுத்து, சட்டியில படியுற புகைக்கரிய வழிச்சு எடுப்பா. அதுல வேலம்பிசின் போட்டுக் கரகர கரகரன்னு அரைப்பா. அதுதான் கரி மை. ஊரே அதுலதான் எழுதும்.

அப்புறம் ஒரு வருஷம் அவளுக்கு ஒரு ஆசை வந்துச்சு. கரியே இல்லாம கறுப்பு பண்ணிப் பார்த்தா என்னன்னு. சங்குப்பூவ ஊற வெச்சா, நீலம் வந்துச்சு. பதிமுகப் பட்டையக் கொதிக்க விட்டா, செக்கச்செவேல்னு சிவப்பு. பவளமல்லிப் பூவுக்கு ஒரு காம்பு இருக்கும்ல, அதக் கிள்ளிக் கிள்ளிப் போட்டா, மஞ்சள். மூணையும் ஒரே பானையில ஊத்தி அடுப்புல ஏத்தினா. குபுக்... குபுக்... குபுக்... சுண்டிச் சுண்டிக் கடைசியில என்ன ஆச்சு?

"என்ன ஆச்சு?"

கறுப்பாயிடுச்சு! காக்கா றெக்க மாதிரி மினுமினுன்னு ஒரு கறுப்பு. மோந்து பார்த்தா பூ வாசம் வேற. அங்காயி தைய தக்கான்னு குதிச்சா. ஒரு மைக்கூட்டுல ஊத்திக்கிட்டு நேரா அரண்மனைக்கு ஓடினா, ராயசத்துக்கிட்ட காட்ட. ராயசம்னா ராஜா சொல்லச் சொல்ல எழுதுறவரு. அவரு பேரு மாசிலாமணி. நல்ல மனுஷன்தான், ஆனா வாய் கொஞ்சம் நீளம். பூ மையில ஒரு வரி எழுதினாரு, அத எடுத்துட்டுப் போய்த் தாவாரத்துல வழியுற மழைத்தண்ணியில நீட்டினாரு. சர்ர்ருன்னு எழுத்தெல்லாம் ஓடிப் போச்சு.

"இது மையா, ரசமாடி அங்காயி?"ன்னாரு.

சுத்தி நின்னவங்க எல்லாம் கொல்லுன்னு சிரிச்சாங்க. அங்காயிக்கு மொகம் செத்துப் போச்சு. கூட்டத் திரும்ப எடுத்துக்கிட்டு வந்தவ, அன்னைக்கோட அவரு கூடப் பேச்சை விட்டுட்டா. ஒண்ணு இல்ல, ரெண்டு மழைக்காலம் போச்சு. கரி மைய மட்டும் மாசாமாசம் கொண்டு போய்த் தூணோரமா வெச்சுட்டு, திரும்பிக் கூடப் பார்க்காம வந்துடுவா. அந்தப் பூ மையில ஒரே ஒரு கூடுதான் வித்துப் போச்சு. அரண்மனைக் களஞ்சியக்காரன் கேட்டு வாங்கிட்டுப் போனான். யாருக்குன்னு அவளும் கேக்கல, அவனும் சொல்லல.

"ம்."

அப்போ அந்த ஊருக்குப் பெரிய ஏரி ஒண்ணு இருந்துச்சு. அதுல மூணு மடை, மூணு ஊருக்குத் தண்ணி. மடைய எப்போ தொறக்கணும்னு ராஜா சொல்லுவாரு, ராயசம் கடுதாசியில எழுதுவாரு, ராஜா முத்திரை குத்துவாரு. அந்த வருஷமும் கடுதாசி போச்சு. மேலூருக்குத் தண்ணி வந்துச்சு, நடுவூருக்கும் வந்துச்சு. கீழக்குளம்னு மூணாவது ஊரு, அதுக்கு மட்டும் ஒரு சொட்டு வரல. இன்னைக்கு வரும் நாளைக்கு வரும்னு காத்துக் கெடந்தாங்க. ஒரு மாசம் ஆச்சு. பால் புடிக்க வேண்டிய நெல்லு சருகாப் போச்சு.

அப்போ கீழக்குளத்து ஜனமெல்லாம் காஞ்ச பயிரப் புடுங்கித் தலையில வெச்சுக்கிட்டு, ஒரு நாள் காலையில நேரா அரண்மனைக்கு வந்துட்டாங்க. முன்னாடி வந்தவ சடச்சி. எழுவது வயசுக் கிழவி. ராஜா காலடியில பயிர்க்கட்டத் தொப்புன்னு போட்டா.

"ஏன் மகாராஜா, நாங்க மட்டும் என்ன பாவம் பண்ணோம்?"

மடைக்காவலன் கடுதாசியக் கொண்டு வந்து நீட்டினான். அதுல மொத மூணு வரி, மூணு மடையையும் தொறக்கச் சொல்லி. நாலாவதா ஒரு வரி இருந்துச்சு. "கீழக்குளம் நீங்கலாக." அவ்வளவுதான். கீழே முத்திரை.

ராஜா அந்தக் கடுதாசியப் பார்த்தாரு. மொகம் கறுத்துச்சு, செவந்துச்சு. "நான் இப்படிச் சொல்லவே இல்லையே! யாரு எழுதினது இது? ராயசம்!"

மாசிலாமணி ஓடி வந்து கடுதாசியப் பார்த்தாரு. "சாமி, நான் எழுதினது மூணு வரிதான். நாலாவது என்னோடது இல்ல."

"எழுத்து உன் எழுத்து மாதிரியேதான இருக்கு?"

"மாதிரி இருக்கு சாமி. ஆனா என்னோடது இல்ல."

"ஊரையே காயப் போட்டுட்டுப் பொய் வேற சொல்றியா? இன்னைக்கு உச்சிப்பொழுது ஆகுறதுக்குள்ள இவன் எழுதுற கைய வாங்குங்க!"

"வாங்குறதுன்னா?"

வெட்டுறதுதான்டி. பயப்படாத, கேளு. டக் டக்குன்னு ரெண்டு சேவகன் வந்து அவரோட வலது கையக் கட்டையில வெச்சு இறுக்கிக் கட்டினாங்க. அப்போ பார்த்தா, கரி மை குடுக்க வந்த அங்காயி தூணோரமா நிக்கிறா. எல்லாத்தையும் பார்த்துக்கிட்டு இருக்கா.

சேவகன் கடுதாசியச் சடச்சிக்கிட்ட காட்டினான். அவளுக்குப் படிக்கத் தெரியாது. எந்த வரின்னு கேட்டா. இதுன்னு தொட்டுக் காட்டினான். அந்த வரியப் பார்த்தா, அவளுக்குப் பொலபொலன்னு கண்ணீர். ஒரு சொட்டு, டொப்! மூணாவது வரிக்கும் நாலாவது வரிக்கும் நடுவுல விழுந்துச்சு.

அங்காயி கண்ணு அங்கயே நின்னுடுச்சு. மூணாவது வரி அசையல, கரி மை, கல்லு மாதிரி கெடக்கு. நாலாவது வரி ஊதிப்போய்க் கலங்குது. கலங்கின ஓரத்துல நூலு மாதிரி... நீலம்!

அவளுக்குப் புரிஞ்சுடுச்சு. ஐயையோ, அது நான் காய்ச்சின பூ மை ஆச்சே!

ஒரு மனசு சொல்லுச்சு, பேசாமப் போயிடுடி, உன் மைல எழுதியிருக்குன்னா உன்னையும் சேர்த்துக் கட்டுவாங்க. அதுவும் யாருக்காக? ரசமான்னு கேட்ட மனுஷனுக்காகவா? அவளும் திரும்பி ரெண்டு அடி வெச்சுட்டா. அப்புறம் ஒரே ஒரு தடவ அந்தக் கையத் திரும்பிப் பார்த்தா. கட்டிப் போட்ட கை. நடுவிரல்ல எழுதி எழுதிக் காய்ச்சுப் போன ஒரு தழும்பு, தழும்புக்குள்ள கரி ஏறிக் கறுத்துக் கெடக்கு. அவ விரல் மாதிரியே.

"நிறுத்துங்க!"

யாரு கத்தினதுன்னு எல்லாரும் திரும்பினாங்க. அங்காயிக்கே தெரியல தான்தான் கத்தினோம்னு.

"மகாராஜா, மேல மூணு வரி ஒரு மை, கீழ வரி வேற மை. ராயசம் ஐயா கூட்டுல அந்த மை கெடையாது."

"எல்லாம் கறுப்பாத்தான இருக்கு?"

"பார்க்கக் கறுப்பு. உள்ள வேற வேற. கொஞ்சம் தண்ணி குடுங்க, பிரிச்சுக் காட்டுறேன்."

ராஜாவுக்குச் சிரிப்பு வந்துடுச்சு. "கறுப்பப் பிரிக்கப் போறாளாம்!" சபையே சிரிச்சுச்சு. "சரி, வேடிக்கையப் பார்ப்போம். ஆனா இது சாட்சிக் கடுதாசி, முழுசா அழிக்கக் கூடாது. அந்த வரியில மூணு எழுத்து எடுத்துக்க. நாலாவது எழுத்தத் தொட்டா, உன் கையும் அந்தக் கட்டைக்குப் போகும்."

"சரிங்க. அரண்மனைல எத்தன மைக்கூடு இருக்கோ, எல்லாம் வேணும்."

மொத்தம் மூணே மூணு. ராயசத்தோட மண் கூடு ஒண்ணு. தளவாய், அதான் படைத்தலைவரு, அவரோட பித்தளைக் கூடு ஒண்ணு. இன்னொண்ணு ராஜாவோட வெள்ளிக் கூடு. அது ஒரு பெட்டிக்குள்ள பூட்டி இருக்கும், சாவி ராஜா இடுப்புல. "மகாராஜா கூடு எதுக்கு?"ன்னு தளவாய் அதட்டினாரு. "இருக்கட்டும், என்னோடதும் வரட்டும்"னு ராஜா சாவியத் தூக்கிப் போட்டாரு. கலீர்!

தூக்கம் வருதா?

"இல்ல. சொல்லு அத்தை."

அங்காயி உக்காந்தா. மொத எழுத்து "கீ". கத்திரியால துண்டா வெட்டினா.  ஒரே அவசரம். அந்தத் துண்டத் தூக்கி அப்படியே தண்ணிக் கிண்ணத்துல போட்டா. சர்ர்ர்ருன்னு மை கரைஞ்சு தண்ணியோட போயே போச்சு! கிண்ணத்துல கலங்கல், கையில வெறும் காயிதம்.

கொல்லுன்னு சிரிப்பு. "ஒண்ணு போச்சு!"ன்னு தளவாய் கையத் தட்டினாரு.

முக்கக் கூடாது, முக்கக் கூடாதுன்னு அவ தனக்குத்தானே சொல்லிக்கிட்டா. தண்ணி தானா ஏறி வந்து மையத் தொடணும். ரெண்டாவது எழுத்து "ழ". அது மேல ஒரு சொட்டுத் தண்ணி விட்டா. ஊறினதும் ஈர்க்குச்சி முனையில தொட்டு எடுத்து, அரண்மனைக் காயிதத்துல ஒரு நீளத் துண்டு கிழிச்சு, அதோட அடியில இருந்து ஒரு விரக்கடை மேல பொட்டு வெச்சா. பொட்டுல தண்ணி படாம, காயிதத்தோட அடி மட்டும் தண்ணியத் தொடுற மாதிரி தொங்க விட்டா.

எல்லாரும் எட்டி எட்டிப் பார்க்குறாங்க.  தண்ணி ஏறுதா? ஏறல. இன்னும் கொஞ்சம் பொறுத்தாங்க. ஏறவே இல்ல!

"ஏன் ஏறல?"

நல்லாக் கேட்ட. அது எழுதுற காயிதம்டி. கஞ்சி போட்டு, காய வெச்சு, சங்கால தேய் தேய்னு தேய்ச்சது. எழுத்து வழுவழுன்னு ஓடும். ஆனா தண்ணியக் குடிக்காது. சிரிப்பு இன்னும் பெருசா வந்துச்சு. "ரெண்டு போச்சு!" வெளிய தூணோட நிழல் சுருங்கிச் சுருங்கி ஒரு முழம் ஆயிடுச்சு. அது தூணுக்கடியில போனா உச்சிப்பொழுது. கட்டையில கெடந்த மாசிலாமணி கண்ண மூடிக்கிட்டாரு.

அப்போ அங்காயிக்குப் பளிச்சுனு ஒண்ணு ஞாபகம் வந்துச்சு. மை வடிகட்டுற காயிதம்! கஞ்சி போடாத, தேய்க்காத, சொரசொரன்னு பச்சைக் காயிதம். பூ மைய வடிகட்டினப்போ அதோட ஓரத்துல கலர் கலரா கோடு ஏறிக் கெடந்தத அவ கண்ணால பார்த்திருக்கா. அன்னைக்கு அத ஒரு பொருட்டாவே எண்ணல.

"மகாராஜா, வீட்டுக்குப் போய்ட்டு ஓடி வந்துடுறேன்!"

"நிழல் நிக்காது. ஓடு!"

எடுத்தாளே ஓட்டம்! முந்தானைய இழுத்துச் சொருகிக்கிட்டு தட தட தட தடன்னு ஓடுறா. பின்னாடியே ஒரு சேவகன் ஈட்டியத் தூக்கிக்கிட்டு, "அக்கா, மெதுவா! அக்கா, மெதுவா!"ன்னு மூச்சு வாங்கிக்கிட்டு ஓடி வர்றான். நாலு தெரு. ஒரு எருமை குறுக்க நிக்குது, சுத்திக்கிட்டு ஓடினா. காயப் போட்ட மொளகா மேலயே மிதிச்சுட்டு ஓடினா, மொளகாக்காரி வையுறா வையுறா, இவ காதுலயே விழல. வீட்டுக்குள்ள பாஞ்சு, பானை பானையாத் தள்ளி... டமார்! டமார்!... அடிப்பானையில ரெண்டே ரெண்டு தாள் சுருட்டி இருந்துச்சு. அப்பாடா! எடுத்து மாரோட அணைச்சுக்கிட்டுத் திரும்ப ஓட்டம்.

வந்து சேர்ந்தப்போ நிழல் ஒரு ஜாண்!

மிச்சம் ஒரே ஒரு எழுத்து. மூணாவது. அது போச்சுன்னா அவ்வளவுதான். ஆனா இப்போ அவ அவசரப்படல. நாலு துண்டு கிழிச்சா. அடியில இருந்து ஒரு விரக்கடை அளந்து, மண் கூட்டு மையில ஒரு பொட்டு, பித்தளைக் கூட்டுல ஒரு பொட்டு, வெள்ளிக் கூட்டுல ஒரு பொட்டு. நாலாவது துண்டுல அந்தக் கடைசி எழுத்த ஊற வெச்சுத் தொட்டு எடுத்த பொட்டு. நாலும் பார்க்க ஒரே கறுப்பு. ஒரு நீளக் குச்சியில நாலையும் வரிசையா மாட்டி, தாம்பாளத் தண்ணியில அடி மட்டும் படுற மாதிரி தொங்க விட்டா.

"ம்..."

இப்பத்தான் "ம்" நல்லா வருது. கேளு. சடச்சிக் கிழவி குனிஞ்சு பார்த்தா. "ஏ ஆத்தா, தண்ணி ஏறுதுடி!"

ஆமா, ஏறுது! ஈரம் மெல்ல மெல்ல, நத்தை மரத்துல ஏறுற மாதிரி ஏறுது. பொட்டுக்கிட்ட வந்துடுச்சு. பொட்டத் தொட்டுச்சு!

மொதத் துண்டு, ராயசத்தோட மை. தண்ணி பொட்டத் தாண்டி மேல போச்சு. பொட்டு அசையல. கறுப்பு கறுப்பாவே குத்துக்கல்லு மாதிரி உக்காந்திருக்கு. கரி மை இல்லையா, அது எங்க போகும்?

ரெண்டாவது துண்டு, தளவாயோட மை. அது கடுக்காயும் இரும்பும் போட்டுக் காய்ச்சினது. கறுப்பு அங்கயே நின்னுச்சு, அதுல இருந்து பழுப்பா ஒரு கசிவு மட்டும் கஷாயம் மாதிரி கொஞ்ச தூரம் ஏறுச்சு.

நாலாவது துண்டு, அதான் கடுதாசியில இருந்து எடுத்த எழுத்து. அது என்ன பண்ணுச்சுன்னா, கறுப்பு மொதல்ல வீங்குச்சு. வீங்கி, நீண்டுச்சு. அடியில ஒரு செவப்பு நின்னுக்கிச்சு. அது மேல நீலம் ஏறுச்சு, சங்குப்பூ நீலம்! நீலத்தையும் தாண்டி ஒரு மஞ்சள் கிடுகிடுன்னு மேல ஓடுச்சு!

"ஆத்தாடி! கறுப்புக்குள்ள இருந்து கலரு வருது!"ன்னு கீழக்குளத்து ஜனம் பூரா ஒருத்தர் தோள்மேல ஒருத்தர் ஏறாத குறையாப் பார்க்குது. தளவாயே மீசைய முறுக்குறத விட்டுட்டுக் குனிஞ்சுட்டாரு. அங்காயிக்குச் சந்தோஷத்துல புல்லரிக்குது. ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி அவ பானையில ஊத்தின மூணும், ஒண்ணு ஒண்ணா வெளிய வந்து நிக்குது.

அப்புறம்தான் அவ மூணாவது துண்டப் பார்த்தா.

அடியில செவப்பு. அது மேல நீலம். உச்சியில மஞ்சள்.

அதே உசரம், அதே வரிசை. ரெண்டு துண்டும் ரெட்டைப் புள்ளைங்க மாதிரி.

மூணாவது எந்தக் கூடு?

"வெள்ளிக் கூடு... ராஜாவா?"

உஷ்ஷ்!  சொட்... சொட்...னு காயிதத்துல இருந்து தண்ணி சொட்டுற சத்தம் மட்டும் கேக்குது. எல்லாரும் துண்டப் பார்க்குறாங்க, வெள்ளிக் கூட்டப் பார்க்குறாங்க, சாவியப் பார்க்குறாங்க. ராஜாவ மட்டும் யாரும் பார்க்கல.

 சொன்னா அங்காயி தலை போகும், சொல்லலன்னா ராயசத்தோட கை போகும். அவ நிமிந்து ராஜாவப் பார்த்தா. "மகாராஜா, இந்தப் பூ மைய நான் ஒரே ஒரு கூடுதான் குடுத்தேன். அது உங்க பெட்டிக்குள்ள இருக்கு. சாவி உங்க இடுப்புல இருக்கு. நான் சொல்றதுக்கு இவ்வளவுதான் இருக்கு."

ராஜா எந்திரிச்சாரு. கை வாள் மேல போச்சு. அங்காயி கண்ண மூடிக்கிட்டா. ராயசம், "சாமி, அவள விட்டுடுங்க, என் கைய எடுத்துக்குங்க!"ன்னு கத்தினாரு.

ஒண்ணும் ஆகல. கண்ணத் தொறந்து பார்த்தா, ராஜா அந்த நாலு துண்டுக்கு முன்னாடி வந்து குனிஞ்சு நிக்கிறாரு. 

"நான்தான்"னாரு.  "நந்தவனத்துல தாமரைக்குளம் வெட்டினேன். அத நிரப்பத் தண்ணி பத்தல. ஒரு மடைய ஒரு வாரம் மூடி வெச்சா என்ன ஆயிடும்னு நெனச்சு, நான்தான் ராயசத்தோட எழுத்து மாதிரி அந்த வரியச் சேர்த்தேன். அப்புறம் வேட்டைக்குப் போனேன். மறந்தே போச்சு. இன்னைக்கு இந்தக் கிழவி பயிரக் கொண்டு வந்து போட்டதும், நான்தான்னு சொல்ல வெக்கமாப் போச்சு. வாய்ல அவரு பேரு வந்துடுச்சு."

கட்ட அவரே அவுத்து விட்டாரு. மாசிலாமணிக்குக் கை மரத்துப் போயி தூக்க முடியல. அங்காயி ஓடிப் போயி அந்தக் கையத் தன் மடியில வெச்சுக்கிட்டு, சூடு பறக்கத் தேய்ச்சு விட்டா.  அவரு குலுங்கிக் குலுங்கி அழுதாரு.

"ராஜாவ என்ன பண்ணாங்க?"

ராஜாவ யாருடி என்ன பண்றது? சடச்சிதான் கேட்டா. "நீ வெக்கப்பட்டு என்ன ஆகப் போகுது மகாராஜா? மடையத் தொறப்பியா, மாட்டியா?"

"தொறக்குறேன்."

"ஆள அனுப்பாத. நீயே வா."

அப்புறம் என்ன, ராஜா செருப்பக் கழட்டிப் போட்டுட்டு, உச்சி வெயில்ல கிளம்பிட்டாரு. பின்னாடி ஊரே திரண்டு போகுது. அங்காயி போறா, ராயசம் போறாரு, தளவாய் கூட வேட்டிய மடிச்சுக் கட்டிக்கிட்டுப் போறாரு. கீழக்குளத்து மடை ஒரு மாசமா மூடிக் கெடந்து இறுகிப் போச்சு. ராஜா மடைப் பலகையப் புடிச்சு இழுக்குறாரு. ம்ஹூம். மறுபடி இழுக்குறாரு. ம்ஹூம். பல்லக் கடிச்சுக்கிட்டு மூணாவது இழுப்பு இழுத்தாரு பாரு...

படார்!

பலகை கையோட வந்துடுச்சு. குபு குபு குபு குபுன்னு தண்ணி! ராஜா மல்லாக்க வாய்க்கால் சேத்துல விழுந்தாரு, கிரீடம் ஒரு பக்கம் உருண்டு போகுது. ஜனங்க தண்ணி கூடவே கரையோட ஓடுறாங்க, "வந்துடுச்சு! வந்துடுச்சு!"ன்னு. காஞ்சது பாதி காஞ்சதுதான், அது திரும்பாது. ஆனா மீதிப் பாதிக்குக் குருத்துல உசிரு இருந்துச்சு. தண்ணி வேரத் தொட்டதும் வயல்ல வெடிப்பெல்லாம் மடமடன்னு குடிச்சுச்சு.

சேத்துல கெடந்த ராஜாவத் தூக்கலாமா வேணாமான்னு எல்லாருக்கும் தயக்கம். ஒருத்தரும் கிட்ட போகல. அப்போ சடச்சிக் கிழவி வாய்க்கால்ல இறங்கி, சேத்துக் கையவே நீட்டினா.

"புடிச்சு எந்திரிச்சு வா. கடைமடையில மண்ணு அடைச்சுக் கெடக்கு, அதையும் வெட்டணும்."

ராஜா அந்தக் கையப் புடிச்சாரு. அவ ஒரு மம்புட்டிய எடுத்துக் குடுத்தா. முன்னாடி அவ நடக்க, பின்னாடி அவரு நடந்தாரு.

தங்கம்? "ம்" எங்க? ஏய்...

சரி, "ம்" நின்னுச்சு, கதையும் நின்னுச்சு. கண்ணு மூடியே இருக்கட்டும். தூங்குடி.